ஆம்புலன்ஸில் ஏறுவதற்கு என்னென்ன வேண்டும்

1

சென்ற ஆண்டு இதே வாரத்தில் என் அம்மா அருள்புரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய், "என்ற புள்ள அமெரிக்காவுல ஆம்புலன்ஸ்ல போறா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் ஏழெட்டுப் பேர் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். பாப்பாவுக்கு என்னாச்சுங்க, எந்த ஆஸ்பத்திரிங்க என்று விசாரணை. அம்மாவுக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் போன் செய்தார்.

"ஏங்கண்ணு, ஆம்புலன்ஸ்ல போறேன்னாலே படுத்துட்டுப் போறதுன்னு நெனச்சுக்கறாங்க. நீ உக்காந்துட்டுப் போறேன்னு நான் எப்படிச் சொல்லோணும்?"

அவசர மருத்துவ உதவியாளர் என்று சொல்லச் சொன்னேன். அம்மா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இது வாய்ல நிக்காது. நீயே எழுதி அனுப்பு. கேக்கறவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றார்.

எழுத ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்தச் செவ்வாய்க்கிழமை என் உதவியாளர் உரிம அட்டைக்கு ஒரு வயது நிறைந்தது. நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் ஊர் சிறியது. தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் மீட்புக் குழு ஒன்று இங்கே இருக்கிறது. இரண்டு வண்டிகள், ஒரு கொட்டகை, எப்போதும் சூடாக இருக்கும் காப்பிப் பாத்திரம். சனிக்கிழமை காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை என் முறை. மற்ற நாட்களில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கணவர் சிவகுமார் துணி இறக்குமதி செய்யும் அலுவலகத்தில் இருக்கிறார். மகள் அகிலாவுக்குப் பதினைந்து வயது.

சனிக்கிழமைகளில் நான் செய்வது இவ்வளவுதான். விழுந்தவர்களை, மூச்சு வாங்குகிறவர்களை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் வரை அவர்கள் நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்கிறேன். அதைச் செய்ய என்னை எவ்வளவு தயார் செய்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அருள்புரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் விண்ணப்பப் படிவக் கதை ஆகிவிடும்.

2

கல்யாணத்துக்கு முன் பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு. என் லைனில் ஓவர்லாக் மிஷினில் சரசு என்ற தையல்காரர் இருந்தார். தேனிப் பக்கம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் சூப்பர்வைசர் என்றாலும் அவருக்கு நான் "தாயி"தான். பீஸ் குறைந்தால்கூட நான் வாய் திறப்பதற்குள், "சாப்பாட்டுக்கு முந்தி புடிச்சிருவேன் தாயி, மூஞ்சியத் தூக்காத" என்பார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சரசக்கா ஸ்டூலிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். யாரோ காலை அமுக்கிப் பிடித்தார்கள். என் லைன், என் பொறுப்பு. நான் ஓடிப் போய் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தேன். தலையைத் தூக்கி என் மடியில் வைத்து, பல்லுக்கு நடுவே தண்ணீரை ஊற்றினேன். உள்ளே போகவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன்.

அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. உதடு நீலமானது. துணி ரோல் ஏற்றும் டெம்போவில் கிடத்திக் கொண்டுபோனோம். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். அதிலிருந்து காய்ச்சல், நெஞ்சில் சளி, மூன்று வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. முதல் நாளே மருத்துவர் வெளியே வந்து, "நெனவில்லாதவங்களுக்கு யாருங்க தண்ணி குடுத்தது?" என்று கேட்டார். நாங்கள் ஐந்து பேர் அங்கே நின்றிருந்தோம். ஐந்து பேருமே பேசவில்லை. அந்த ஐந்தில் நான்கு பேருக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

சரசக்கா பிழைத்தார். ஆனால் கம்பெனி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி வந்துவிட்டால் என்ன செய்வது என்றார்கள். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. விமானம் ஏறினேன்.

3

இந்த ஊர் மீட்புக் குழுவின் கொட்டகை வாசலில் ஒரு பலகை உண்டு. ஆள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம் என்று எழுதியிருக்கும். மளிகைக்குப் போகும் வழியில் நான்கு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே போனேன். கிரீன் கார்டு கைக்கு வந்த வாரம், காரை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். குழுவின் பயிற்சியாளர் டெனீஸ் என்ற பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். நான் எதற்காக வந்தேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினார்.

அதில் இருந்தவை: பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்பதற்குக் கைரேகை தர வேண்டும். தடுப்பூசி போட்டதற்குச் சான்று, காசநோய் இல்லை என்பதற்குச் சோதனை, நெஞ்சை அழுத்தி மூச்சு தரும் சி.பி.ஆர். பயிற்சியின் சான்றிதழ். அதற்குப் பிறகு ஒருவரை நாற்காலியில் வைத்துப் படிக்கட்டில் இறக்கும் அளவுக்கு உடம்பில் வலு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

படிக்க எளிதாகத்தான் இருந்தது. சிக்கல் என் பெயரிலிருந்து தொடங்கியது. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் நான் பூங்கொடி ப. கடவுச்சீட்டில் பூங்கொடி பழனிசாமி. ஓட்டுநர் உரிமத்தில் பூங்கொடி சிவகுமார். விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் இருந்த இளைஞர் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, இவர்களில் யார் வகுப்புக்கு வரப் போவது என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். மூவரும் நான்தான் என்றேன். எங்கள் ஊரில் முதலெழுத்து என்பது அப்பா, கல்யாணமானால் சிலருக்கு அது கணவர் என்று விளக்கினேன். ப என்றால் பழனிசாமி என்பதற்கு ஆதாரம் கேட்டார். ப என்றால் பழனிசாமி என்று எந்த அரசாங்கம் எழுதிக் கொடுக்கும்? கடைசியில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, ஓட்டுநர் உரிமத்தையும் அப்பா பெயருக்கே மாற்றினேன். இதற்கே ஏழு வாரம். இங்கே சீருடையில் குடும்பப் பெயரைத்தான் தைக்கிறார்கள். அதனால் அருள்புரத்தைத் தாண்டி அதிகம் போகாத என் அப்பாவை இப்போது வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறார்கள்.

அடுத்தது காசநோய்ச் சோதனை. முன்கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து அந்த இடம் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடித்தது. செவிலியர் அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறந்தவுடன் எங்களுக்கெல்லாம் தோளில் ஊசி போடுவார்கள், அது போட்டவர்களுக்கு இப்படித் தடிப்பதுண்டு என்று சட்டைக் கையை ஏற்றித் தழும்பைக் காட்டினேன். அவர் அந்தத் தழும்பை முன்பின் பார்த்ததில்லை. ரத்தச் சோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஒரு மருத்துவரின் கடிதம். அதற்கு மூன்று வாரம்.

"அந்த வேலைக்குச் சம்பளமும் இல்ல. இவ்வளவு அலையோணுமா?" என்று சிவகுமார் ஒரு முறை கேட்டார். அலையோணும் என்றேன்.

4

வகுப்பு ஆறு மாதம். வாரத்தில் இரண்டு மாலை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். இருபது பேரில் மூத்தவள் நான். இங்கிலீஷில் படிப்பது கஷ்டமாக இல்லை. பேசுவதுதான்.

திருப்பூரில் நாங்கள் பேசுவதும் இங்கிலீஷ்தான் என்று நினைத்திருந்தேன். நோயாளிக்கு "லூஸ் மோஷன்" என்று சொன்னேன். எது லூஸாகிவிட்டது என்று கேட்டார்கள். தலைசுற்றலுக்கு "கிடினஸ்" என்றேன். இங்கே அதற்குக் குதூகலம் என்று அர்த்தமாம், நெஞ்சுவலிக்காரருக்கு எதற்கு அவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு பயிற்சியில் "பேஷன்ட் எக்ஸ்பயர்டு" என்று வயர்லெஸ்ஸில் சொன்னபோது, எதிர்முனையில் இருந்த பையன் எந்த உரிமம் காலாவதி ஆயிற்று என்று கேட்டான். இந்த வேலையில் ஒரு சொல் தவறினால் மருத்துவமனையில் தவறான அறையைத் தயார் செய்வார்கள். எனவே ஒரு நோட்டுப் போட்டு, இடது பக்கம் நம் இங்கிலீஷ், வலது பக்கம் அவர்கள் இங்கிலீஷ் என்று எழுதி மனப்பாடம் செய்தேன்.

வீட்டில் ஒத்திகைக்கு அகிலாதான் நோயாளி. சோபாவில் படுத்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். ஒரு நாள் வலி எங்கே என்று கேட்டேன்.

"அம்மா, ஃபர்ஸ்ட் உன் நேம் சொல்லணும். தென், தொடலாமான்னு கேக்கணும். நீ டைரக்டா கையப் புடிக்கற."

"நீ என் மகள், உன்னக் கேட்டுட்டுத்தான் தொடோணுமா?"

"நான் இப்ப உன் மகள் இல்ல. பேஷன்ட்."

அவள் சொன்னது சரி. ஆனால் அந்த வாக்கியம் பாத்திரம் கழுவும்வரை காதில் இருந்தது. அவள் வகுப்புத் தோழிகள் சிலர் மீட்புக் குழுவின் மாணவர் பிரிவில் இருக்கிறார்கள். அதனால் அவள் கொட்டகைப் பக்கமே வரமாட்டாள். என் உச்சரிப்பை அவர்கள் முன்னால் கேட்க அவளுக்குக் கூச்சம். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு முறை நான் காரை அங்கே நிறுத்தியபோது இருக்கையில் கீழே சரிந்து உட்கார்ந்தாள். அதுவே போதுமாக இருந்தது.

மூன்றாவது வாரம் மூச்சுக்குழாய்ப் பாடம். டெனீஸ் ஒரு பொம்மைத் தலையைப் பாதியாகப் பிளந்த மாதிரி வைத்து, நினைவு தப்பியவரின் தொண்டை எப்படித் தளர்ந்துவிடுகிறது, வாயில் விடும் எதுவும் எந்தப் பக்கம் போகும் என்று காட்டினார். வலிப்பு வந்தால் அடக்கிப் பிடிக்கக் கூடாது. தலையில் அடிபடாமல் சுற்றி இருப்பதை நகர்த்த வேண்டும், எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. துளி தண்ணீர்கூட.

நான் எழுந்து வெளியே போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் குளிர். அருள்புரத்தில் மிஷின்களுக்கு நடுவே என் மடியில் கேட்ட அந்தத் தொண்டைச் சத்தத்துக்கு அன்றுதான் எனக்குப் பெயர் தெரிந்தது. அதுவரைக்கும் தண்ணீர் கொடுத்தது தப்பு என்று தெரியும். எப்படித் தப்பு, எந்த வழியாகப் போனது என்பது தெரியாது. தெரியாதவரைக்கும் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது, ஒருவேளை நான் காரணமாக இல்லாமல் இருக்கலாம் என்று. அந்தச் சந்தேகம் போய்விட்டது.

டெனீஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் அடுத்த பகுதி, தவறவிட்டால் தேர்வுக்கு அனுமதி இல்லை என்றார். அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

5

செய்முறைத் தேர்வில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். நோயாளியை நெருங்குமுன் முதல் வாக்கியம்: கையுறை போட்டிருக்கிறேன், இந்த இடம் பாதுகாப்பானதா? மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, புகை இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. அதைச் சொல்லாவிட்டால் மற்றதையெல்லாம் சரியாகச் செய்தாலும் தோல்வி. விழுந்தவரைக் காப்பாற்றப் போனவரும் பக்கத்தில் விழுந்து கிடந்தால் யாருக்கும் பயனில்லை என்பது கணக்கு.

தேர்வாளர் தொடங்கலாம் என்றதும் நான் நேராக ஓடிப் போய் மண்டியிட்டேன். நோயாளியாகப் படுத்திருந்தவரின் தலையைப் பிடித்தேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால், தேர்வாளர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அவர் முதல் பத்து வினாடியிலேயே எழுதி முடித்துவிட்டிருந்தார்.

அன்று காரில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடுவது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதிலும் முதல் ஆளாக ஓடினாய். நிற்பதுதான் உனக்கு இன்னும் தெரியவில்லை.

ஐந்து வாரம் கழித்து மறுதேர்வு. அந்த ஐந்து வாரமும் சமையலறைக்குள் நுழையும்போதுகூட வாசலில் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு நுழைந்தேன். சிவகுமார் முதலில் சிரித்தார், பிறகு அவரும் நின்று பார்க்க ஆரம்பித்தார். மறுதேர்வில் நின்றேன். பார்த்தேன். சொன்னேன். தேறினேன்.

கடைசியாக நாட்டளவிலான கணினித் தேர்வு. சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகும். இவர் தேறுவார் அல்லது தேறமாட்டார் என்று கணினிக்கு உறுதியானதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். எனக்குப் பாதி வாக்கியத்தில் நிற்பதுபோல் நின்றது. மறுநாள் மளிகைக்கடை வாசலில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு முடிவைத் திறந்தேன். தேறியிருந்தேன். அகிலாவுக்குச் செய்தி அனுப்பினேன். "ஓகே. குட்" என்று பதில் வந்தது. இரண்டு நிமிடம் கழித்து, "வெரி குட்" என்று இன்னொன்று வந்தது.

6

உரிமம் வந்த இரண்டாவது மாதம் அருள்புரம் போனேன். அம்மாவைப் பார்க்கப் போனதாக எல்லோரிடமும் சொன்னேன். நான்காம் நாள் காலையிலேயே சரசக்காவைத் தேடிப் போனேன். கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தார். வாசலில் மூட்டை மூட்டையாகப் பனியன்கள். பிசிர் வெட்டும் வேலை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் வலிப்பு வந்து வருடங்கள் ஆகின்றன என்றார். பேசிக்கொண்டே கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை.

"சரசக்கா, அன்னிக்குத் தண்ணி ஊத்துனது நானுங்க. டாக்டர் கேட்டப்ப நான் பேசாம நின்னுட்டேன்."

அவர் ஒரு பீஸை முடித்து மடித்து வைத்தார்.

"தெரியும் தாயி. ஆஸ்பத்திரில இருக்கையிலயே சொல்லிட்டாக."

"யாருங்க?"

"யாரா இருந்தா என்ன? ரெண்டு வருசம் ஒம்மேல அம்புட்டுக் கோவமா இருந்தேன். தண்ணி ஊத்துனதுக்கு இல்ல. புத்தி கெட்டு ஊத்திட்ட, சரி. பேசாம நின்ன பாரு, அதுக்கு. பொறவு வேல வெட்டின்னு அலைஞ்சதுல கோவம் எங்கிட்டோ போயிருச்சு. தேடிக்கிட்டா இருக்க முடியும்?"

மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது அவர் சொல்லாதபோதுதான் எனக்குத் தெரிந்தது. டீ போட்டுக் கொடுத்தார். நான் இப்போது என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்துக் கதவைப் பார்த்து, "ஏத்தா ரேவதி, இங்கிட்டு வா, ஒனக்குத் தோதான ஆளு வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார்.

7

ரேவதிக்கு இருபத்தெட்டு வயது. அரசுக் கல்லூரியில் விலங்கியல் பட்டம் பெற்றவர். ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். கணவர் சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறார். குழந்தை எல்கேஜி. ரேவதி தன் போனில் ஒரு அறிவிப்பை மூன்று வாரமாக வைத்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளர் பணிக்கு ஆள் எடுப்பு முகாம், அரசு மருத்துவமனை வளாகத்தில்.

"ஏனுங்க்கா, இது எனக்கு ஆகுமுங்களா?"

நான் அமெரிக்காவில் படித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அறிவிப்பைப் படித்தால் இங்கே வழியே வேறு. அங்கே பள்ளிப் படிப்பு போதும், பயிற்சி நீளம். இங்கே நர்சிங் அல்லது லேப் டெக்னீஷியன் படிப்பு, இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் மாதிரிப் பட்டம் ஒன்று வேண்டும். வயது முப்பதைத் தாண்டக் கூடாது. எழுத்துத் தேர்வு, உடற்கூறு பற்றிய அடிப்படைக் கேள்விகள், நேர்காணல். தேறினால் சில வாரம் வகுப்பு, பிறகு மருத்துவமனையிலும் வண்டியிலும் பயிற்சி. பன்னிரண்டு மணி நேர முறை, பகலும் இரவும் மாறி மாறி வரும். எந்த ஊரில் போட்டாலும் போக வேண்டும். கல்விச் சான்றிதழ்களின் அசல் கட்டாயம்.

"எல்லாமே எனக்கு இருக்குதுங்க்கா. அசல்தான் கம்பெனி ஆபீஸ்ல இருக்குது. சேரும்போது வாங்கி வெச்சுட்டாங்க. முகாம் நாளைக்குங்க."

கணவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாருங்க. நைட்டு டூட்டின்னு. நீங்களும் தறியில நைட்டு ஓட்டறீங்கல்லன்னு கேட்டேன். அதுக்கப்பறம் சரி, பாருன்னுட்டாருங்க."

இருவரும் அப்போதே அந்தக் கம்பெனிக்குப் போனோம். காலை பத்து மணி. எச்.ஆர். அறையில் இருந்தவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர்.

"சர்டிபிகேட் எல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருக்குதுங்க மேடம். இந்த ஷிப்மென்ட் முடியட்டும், எடுத்துத் தர்றோமுங்க. இப்பப் பேக்கிங்ல ஒரு ஆளு கொறஞ்சாக்கூட டெலிவரி தவறிப் போயிரும்."

எனக்குச் சூடேறியது. ஒருவருடைய படிப்பை நீங்கள் பீரோவில் பூட்டி வைக்க எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்க எழுந்தேன். ரேவதி மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீங்க பேசாதீங்க்கா. நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நான்தான் இங்க இருக்கோணும்."

உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடமாக வெளிநாட்டில் இருக்கிற எனக்கு, என் ஊரில் என் இடம் எது என்று இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ரேவதி அவரைப் பார்த்துச் சொன்னார்: "சார், எனக்கு நாளைக்கு அது வேணுமுங்க. நான் சண்டைக்கு வரலீங்க. வாங்கற வரைக்கும் இங்கயே நிக்கிறனுங்க."

"நின்னா எப்படீங்க ரேவதி? லைனுக்குப் போங்க."

"இல்லீங்க சார்."

வருகைப் பதிவு மிஷின் பக்கத்தில், சுவரில் சாய்ந்துகூட நிற்காமல், நேராக நின்றார். நான் வாசலில் செக்யூரிட்டியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. வெளியே போன ஒவ்வொருவரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்கள். "என்ற சர்டிபிகேட்டுக்குங்க" என்று ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னார். ஹிந்தி பேசும் பெண்கள் சைகையில் கேட்டார்கள். அவர்களுக்கும் கையால் ஒரு காகிதம் வரைந்து காட்டினார். சாப்பாடு முடிந்து திரும்பும்போது இரண்டு பெண்கள் எச்.ஆர். அறைக்குள் எட்டிப் பார்த்து, எங்களோடதும் இருக்குதுங்களா சார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர்.

டீ நேரத்துக்குச் சற்று முன்பு எச்.ஆர். காரர் எழுந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார். ஹெட் ஆபீஸ் அங்கேயேதான் இருந்தது. பழுப்பு உறையை ரேவதியிடம் கொடுத்தார். ரேவதி அங்கேயே பிரித்து, ஒவ்வொரு தாளாக எண்ணிச் சரிபார்த்து, "ரொம்ப நன்றிங்க சார்" என்றார். பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் நடைமேடையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் முகாமுக்குத் தனியாகவே போனார். நான் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாமுங்க என்றார். அடுத்த வாரம் நான் விமானம் ஏறிவிட்டேன்.

8

அகிலா இன்னும் கொட்டகைக்கு வரவில்லை. வருவாள் என்று எழுதி இதை முடிக்க எனக்கு ஆசைதான், ஆனால் வரவில்லை. போன மாதம் அவள் பள்ளியில் முதலுதவி வகுப்பு நடந்தபோது, என் பழைய நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இடது பக்கம், வலது பக்கம் எழுதிய நோட்டு. திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா, இதை நீங்கள் படித்துக் காட்டும்போது சாத்துக்குடி கொண்டுவந்தவர்களிடம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது நர்சிங்கோ விலங்கியலோ படித்துவிட்டுச் சும்மா இருந்தால், அறிவிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும், அதனால் என் பேச்சை நம்பாமல் அறிவிப்பையே படிக்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இந்தச் சனிக்கிழமை காலை, வண்டியில் ஆக்ஸிஜன் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரேவதியிடமிருந்து போன். பயிற்சி முடிந்து, பல்லடம் பக்கத்தில் ஒரு வண்டியில் போட்டிருக்கிறார்கள். அங்கே சாயங்காலம். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, இன்னைக்கு ஒரு பிரசவக் கேஸுங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்கலீங்க. ரோட்டோரமா நிறுத்தி வண்டியிலயே பாத்தோமுங்க. பொண்ணு."

"அழுதுச்சா?"

"உடனே அழுகலீங்க்கா. துணியில தொடச்சு, முதுகத் தேச்சு உட்டேன். அப்பவும் அழுகல. எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க, டிரைவரண்ணன் என்னமோ கேட்டாரு, அதுகூடக் கேக்கல. மறுபடி தேச்சேன். அப்பறம் அழுதுச்சுங்க. அது அழுதப்பறம்தான் ரோட்டுல போற பஸ்ஸுச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்டுது."

இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார்கள், வார்டில் சேர்த்தாயிற்று என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"நான் வண்டியக் கழுவிட்டு இருக்கறனுங்க. அடுத்த கேஸு வர்றதுக்குள்ள காயோணும். போனை வெச்சரட்டுங்களா?"